கீழ் மண்டபத்தில் இறக்கிய ஹார்ப்

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். தங்கள் மூட்டுவலி இருந்த இடம் தெரியாமல் போயிருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. தங்கள் மருமகளுக்கு ஏழாம் மாதம் நல்லபடியாக நடக்கிறது. பசி நன்றாக இருக்கிறது, கோபமும் நன்றாக இருக்கிறது. என் வீட்டுக்காரி தங்களை விசாரித்ததாக எழுதச் சொல்லி, எழுதினேனா என்று எட்டியும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளை பிறக்கப் போகிற நேரத்தில் இன்னும் என் மகன் அந்த ஹார்ப் வாத்தியத்தைத் தள்ளிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைகிறான், எந்த வாரம் வேலை எந்த வாரம் சும்மா என்று அவனுக்கே தெரியாது, நான் சொன்னால் காதில் விழாது, நீங்கள் கூப்பிட்டு உங்கள் கடையிலேயே உட்கார வையுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்: "இதெல்லாம் ஒரு தொழிலா? ஒழுங்கா ஒரு வேலைக்குப் போகக் கூடாதா?" பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் அல்லவா, சுருக்கமாக இருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. நான் சிமெண்ட் மூட்டை தூக்கி, அதிலிருந்து டைல்ஸ் கடை, குளியலறைச் சாமான் என்று வந்தவன். விற்ற பொருள் வாங்கியவர் வீட்டில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், நாளைக்கு விரிசல் விட்டால் நம்மைத் திட்டுவதற்காவது அது அங்கே இருக்க வேண்டும். மாப்பிள்ளை விற்கிற சரக்கு கேட்ட நிமிடமே காற்றோடு போய்விடுகிறது. இதை வைத்து எப்படிக் குடும்பம் நடத்துவது என்று எனக்கும் தோன்றாமல் இல்லை.

சொல்வதற்கு வேளையும் தானாக வந்தது. மாப்பிள்ளைக்கு வழக்கமாக வேன் ஓட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சனிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு, கடை வேன் கிடைக்குமா மாமா என்று கேட்டார். வேன் என்ன, நானே ஓட்டி வருகிறேன், போகிற வழியில் பேசிவிடலாம் என்று கிளம்பினேன். வழியில் பேசுவதாவது, முதலில் அதை வீட்டைவிட்டு இறக்க வேண்டாமா. அவர்கள் குடியிருப்பது நாலாம் மாடி, லிஃப்டோ ஒரு அலமாரி அகலம். ஹார்ப் ஏறினால் ஆளுக்கு இடமில்லை. ஆகவே கறுப்பு உறை மாட்டிய ஹார்ப் மட்டும் தனியாக லிஃப்டில் இறங்கும், மாப்பிள்ளை படியில் ஓடி அதற்கு முன்னால் கீழே போய் வரவேற்க நிற்பார். அன்றைக்கு லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று கதவு திறந்திருக்கிறது. வெளியே நின்ற பெரியவர், உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் ஒருவர் போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "நீங்க போங்க, நான் அடுத்ததுல வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். படியில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த என் காதில் விழுந்தது. வேனில் ஏற்றும்போது இப்படிச் சாய்க்கலாமா, அப்படிப் படுக்க வைக்கலாமா என்று நான் கேட்டதற்கெல்லாம் மாப்பிள்ளை, "உங்க பேத்தியைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க மாமா" என்றார். பேத்திதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே போனதில் பாதி வழி போய்விட்டது. மீதி வழியில் அவர், நரம்பு நாற்பத்தேழு, அதில் சிவப்பும் கறுப்பும் எதற்கென்றால் விரலுக்கு வழி தெரிவதற்கு, குளிர்சாதனம் போட்டால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குச் சுருதி மாறும், அதனால்தான் அழைத்த நேரத்துக்கு வெகு முன்பே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். உங்கள் வாக்கியம் என் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது.

இனிமேல் நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. அந்தக் கட்டடத்தில் கீழே ஒரு மண்டபம், மேலே ஒரு மண்டபம். நான் வேனை நிறுத்தியதும் மாப்பிள்ளை உடை மாற்றப் போனார். நான் சாமானை இறக்குகிறேன் என்றேன். இத்தனை வருடம் சரக்கு இறக்கியவனுக்குத் தெரிந்த விதி ஒன்றுதான்: கையெழுத்துப் போடுகிற ஆள் எங்கே நிற்கிறாரோ, அதுதான் முகவரி. கீழ் மண்டப வாசலில் சட்டைப்பையில் பேனாவோடு ஒருவர் நின்றார். பழக்க தோஷத்தில் டெலிவரிச் சீட்டை நீட்டினேன். 'சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது' என்ற இடத்தில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற நிலைமையில் அவர் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை வந்தார், மேடையில் ஹார்ப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தார். அந்த வேலையில் இறங்கிவிட்டால் பக்கத்தில் கட்டடம் இடிந்தாலும் தெரியாது. பின்னால் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர் திரும்பி வாசிக்கத் தொடங்கினார். நான் கடைசி வரிசையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து, என்ன கல்யாணம் இது, ஒரு குழந்தைகூட ஓடவில்லையே என்று யோசித்து, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

"பொண்ணு மாப்பிள்ளை எப்ப வருவாங்க?"

"யார் பொண்ணு?" என்றார் அவர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேடை ஓரத்தில் இருந்த படத்தைக் காட்டினார். "போனவர் அவர்தான். நீங்க எந்த வழியில் சொந்தம்?"

தேநீர் எனக்கு மூக்கு வழியாக வந்தது. அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். "இந்த வாத்தியம் ஏற்பாடு செஞ்சது பெரிய மகனா இருக்கும், நல்ல யோசனை" என்றார். பெரிய மகன், அதாவது என் சீட்டில் கையெழுத்துப் போட்டவர், தம்பி செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். தம்பி அண்ணன் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். இரங்கல் கூட்டத்தில் கணக்கு யார் கேட்பார்?

நான் குனிந்து குனிந்து மேடைக்குப் போய், "மாப்பிள்ளை, இடம் மாறிப் போச்சு. இது கல்யாணம் இல்லை" என்றேன்.

"தெரியும் மாமா" என்றார், விரலை நிறுத்தாமல். "படத்தைப் பார்த்துட்டேன். அதே கல்யாணப் பாட்டைத்தான் மெதுவா வாசிக்கிறேன். வேகம்தான் வித்தியாசம்."

"நிறுத்துங்க, மேல காத்திருப்பாங்க."

"முன்வரிசையில ஒரு அம்மா செருப்பைக் கழட்டிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருக்காங்க பாருங்க. அவங்க வீட்டுக்காரர் போலிருக்கு படத்துல. வந்ததுல இருந்து இப்பதான் உட்கார்ந்தாங்க. நடுவுல நிறுத்தினா எழுந்துடுவாங்க. இது மட்டும் முடியட்டும் மாமா."

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணை மூடியிருந்தார். சம்பந்தியம்மா, தவறான வீட்டில் இறக்கிய சரக்கை நான் எத்தனையோ தடவை திருப்பி ஏற்றியிருக்கிறேன், வசவோடு. கேட்காத சரக்கை ஒருவரும் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். நானும் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முடிந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் ஹார்ப்பைப் பிடித்து மாடிக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். மேலே வாசலிலேயே மணப்பெண்ணின் தகப்பனார் வழியை அடைத்து நின்றார். விருந்தாளிகள் பாதி சாப்பிட்டு முடித்தாயிற்று. அவர் கோபத்தில் நியாயம் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார், இரண்டு முறை கேட்டார். அப்போது அந்த மனிதர் சொன்னார், "இதெல்லாம் ஒரு தொழிலா? ஒழுங்கா ஒரு வேலைக்குப் போகக் கூடாதா?"

எழுத்து மாறாமல் உங்கள் வாக்கியம். காலையிலிருந்து நான் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அலைந்தது. அடுத்தவன் வாயில் கேட்டபோது அது என்ன ருசி என்று தெரிந்தது. "ஐயா, இடம் மாத்தி இறக்கினது நான், திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க" என்றேன். "வேலைக்குப் போகச் சொல்றீங்களே, அவர் வந்திருக்கிறதே வேலைக்குத்தான். நீங்கதான் வழியில நிக்கிறீங்க." அவர் விலகினார். மாப்பிள்ளை போய் உட்கார்ந்து மறுபடி சுருதி சேர்த்து, அதே பாட்டை வேகமாக வாசித்தார். இரண்டு சின்னப் பெண்கள் ஆடினார்கள்.

திரும்பி வரும்போது அவர்தான் பேசினார். "அம்மா எனக்கும் எழுதியிருக்காங்க. நீங்க என்ன சொல்லத்தான் கூட வந்தீங்கன்னு தெரியும். சரி மாமா. திங்கட்கிழமை கடைக்கு வர்றேன்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"சரி மாமா" என்றார் மறுபடியும்.

ஆகவே தாங்கள் கேட்ட காரியம் முடிந்தது. கேட்காமலே படிந்த வியாபாரம். ஏனோ எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு விஷயம். மாப்பிள்ளை இனி நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போவார், தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். பிறக்கப் போகிற பிள்ளைக்குத் தங்கள் ஆசியை இப்போதிருந்தே அனுப்பத் தொடங்குங்கள், எங்கள் வணக்கத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத சம்பந்தி

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. மாப்பிள்ளையும் சொன்னபடி வந்தார். முதல் வாடிக்கையாளர் எனக்குப் பழகின வீடு கட்டுகிறவர். வாய் கூசாமல் பாதி விலை கேட்பது அவர் வழக்கம், சிரித்துவிட்டு மறுப்பது என் வழக்கம். கேட்டார். மாப்பிள்ளை "சரிங்க" என்றார். கேட்டவரே பயந்து போய், உடைசல் சரக்கோ என்று டைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்து ஒரு அம்மா பழைய குழாயைக் கொடுத்துவிட்டுப் புதிது கேட்டார். அதற்கும் "சரிங்க". கண்டிக்கத்தான் எழுந்தேன். எழுந்தவனுக்குச் சட்டென்று உறைத்தது: வேனில் எனக்குக் கிடைத்ததும் இதே சரிதான், குரல்கூட மாறவில்லை. கேட்டவர் மனம் நோகக் கூடாதே என்று கொடுக்கிற சரி. அம்மாவுக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று, குழாய்க்கார அம்மாவுக்கு ஒன்று. அப்படிப்பட்டவரிடம் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறவன் வியாபாரி இல்லை, வழிப்பறிக்காரன்.

"நாளைல இருந்து வராதீங்க, போய் வாசிங்க. ஞாயிற்றுக்கிழமை நம்ம வேனை எடுத்துக்குங்க" என்று சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"ஞாயிறு மட்டும் போதாது மாமா. சனிக்கிழமையும் வேணும்."

"சனிக்கிழமை டெலிவரி. முடியாது."

"காலைல மட்டும்."

"காலைலதான் டெலிவரியே."

"அதை மத்தியானத்துக்கு மாத்துங்க. மத்தியானத்துக்குள்ள டைல்ஸ் கெட்டா போயிடும்?"

பக்கத்தில் கணக்குப்பிள்ளை இருமுவது போலச் சிரித்தார். டெலிவரிப் பட்டியலை எடுத்து 'மத்தியானம்' என்று திருத்தினேன். சனிக்கிழமை காலையும் போயிற்று. உலகத்தில் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர், ஹார்ப்புக்காக என்னிடமே பேரம் பேசி ஜெயித்துவிட்டார். ஆகவே சம்பந்தியம்மா, உங்கள் மகன் பிழைத்துக்கொள்வார். கவலைப்பட்டே ஆக வேண்டுமென்றால், சனிக்கிழமை வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லப் போகிற என்னை நினைத்துக் கவலைப்படுங்கள்.