கோடு அண்ணாச்சி கடையில எனக்கு மட்டும் கலர் கிடையாது

கடைக்கு வந்த ஆளை "வாங்காத, போ"ன்னு வெரட்டி யாவாரம் பண்ணுன ஒரே மனுசன் இந்த உலகத்துலயே எங்க கோடு அண்ணாச்சிதான். திருச்சுழியில பஸ்ஸு நிக்கிற எடத்துல கலர், சோடா விக்கிற கடை. அதுக்குப் பக்கத்துக் கடையில நான் பரோட்டா மாஸ்டரு. சொந்த ஊரு பரளச்சி. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனதில்ல. எங்க ஊருல மழை பெஞ்சாத்தான ஒதுங்குறதுக்கு!

கறுப்பு வெள்ளை டிவி ஊருக்குள்ள வந்த புதுசு. கால் கட்டவெரல்ல எண்ணெ தெறிச்சு ஒரு கொப்புளம். ரெண்டு மாசமாச்சு, ஆறல. அருப்புக்கோட்டை டாக்டரு பாத்துட்டு, "சக்கரை ஏறிக் கெடக்கு. தெனம் ரெண்டு வேளை இன்சுலின் ஊசி போடணும். விட்டா வெரலு போகும், அப்புறம் காலும் போகும்"னுட்டாரு.

காலு போனா கல்லு முன்னாடி நிக்கிறது எப்படி? ஒக்காந்துக்கிட்டு பரோட்டா வீசுனா எவன் மூஞ்சியிலயாச்சும் போயி ஒட்டும்.

மருந்தக் குளுமையில வைக்கணும்னாரு. எங்க வீட்டுல குளுமையான பொருளு பழைய சோறு ஒண்ணுதான். ஊருல நமக்குத் தெரிஞ்ச ஒரே பிரிட்ஜு அண்ணாச்சி கடையில இருந்துச்சு. கொண்டு போனேன்.

கீழ்த் தட்டுல வரிசையா சின்னச் சின்ன டப்பா. எனக்கு முன்னாடியே அஞ்சாறு சக்கரைக்காரக குடியிருந்தாக. படிக்காத சனத்துக்கு வசதியா டப்பா மேல படம் வரைஞ்சிருந்தாக. டெய்லருக்குக் கத்தரிக்கோலு, குடை ரிப்பேரு பண்ற வீரசோழன் பாயிக்குக் குடை. எனக்குப் பரோட்டா வரையிறேன்னு ஒண்ண வரைஞ்சாக.

"அண்ணாச்சி, இது முட்டை மாதிரியில்ல இருக்கு?"

"நீ சுடுறதும் அப்படித்தாம்லே இருக்கு."

அப்புறம் சட்டம் சொன்னாக. "வைக்கிறதுக்குக் காசு வேண்டாம். ஆனா எம் முன்னாடி, ஒங் கையால, நீயே போட்டுக்கிறணும். போடுறதுக்கு முன்னாடி ஊசியில எத்தனை கோடு மருந்துன்னு சத்தமாச் சொல்லணும். நான் போடுன்னு சொன்னாத்தான் போடணும்."

"கம்பவுண்டரு போட்டுவிட மாட்டாரா அண்ணாச்சி?"

"தெனம் ரெண்டு வேளை கம்பவுண்டர எதுக்குலே தேடுற? ஒங் கைக்கு என்ன கேடு?"

வெளிய வீரந்தான். கொத்து பரோட்டாவ ரெண்டு கரண்டியால நான் கொத்துற சத்தத்துல பஸ்ஸு ஹாரன் அமுங்கிப் போகும். அந்தக் கைதான் முடி மாதிரி இருக்கிற ஊசியப் பாத்ததும் வாழையெல மாதிரி ஆடுச்சு. ரெண்டு நாளு அண்ணாச்சி கண்ணுல படாம மாவு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சேன். மூணாம் நாளு, கூட்டம் அள்ளுற நேரம், கையில ஊசியோட கடைக்குள்ளயே வந்துட்டாக.

"ஏலே மாஸ்டரு, வயித்தக் காட்டு."

சாப்புடுறவுக எல்லாரும் என் தொப்பைய வேடிக்கை பாக்குறாக. நான் முடியாதுன்னேன். அண்ணாச்சி சட்டையத் தூக்கி, தனியா வச்சிருந்த தன்னோட ஊசிய எடுத்து, தன் வயித்துல நறுக்குன்னு குத்துனாக.

"இந்தா, நானும் சக்கரைக்காரந்தான். எறும்பு கடிச்ச மாதிரி."

"எறும்புக்கு எதுக்கு அண்ணாச்சி கண்ண மூடுனீக?"

"அது தூசிலே. நீ கோட்டச் சொல்லு."

"பத்து கோடு."

"ம், போடுலே."

போட்டேன். செத்துருவேன்னு நெனச்சேன். நெசமாவே எறும்புதான்.

அன்னையில இருந்து தெனமும் இதே கூத்து. காலையிலயும் சாயங்காலமும் ஊசியெல்லாம் வெந்நியில கொதிக்கும். ஆளாளுக்குத் தனி ஊசி. மாறிச்சுன்னா கொலைதான் விழும். மொத ஊசி எப்பவும் அண்ணாச்சி தன் வயித்துல குத்திக்கிறது. பெறகுதான் நாங்க. கரண்டு போச்சுன்னா பிரிட்ஜு கதவுல முதுகச் சாச்சு ஒக்காந்துக்கிருவாக. கலர் கேட்டு வந்தவன், "காசு தாரேன், கதவத் தெறங்க"ன்னா, "மருந்துக தூங்குது, போயிட்டு வா"ம்பாக.

எனக்குக் கரண்டு இருந்தாலும் கலர் கெடையாது. ஆனா அவுக மட்டும் ஊசி குத்துன கையோட ஒரு ஆரஞ்சுக் கலர ஒடச்சு மடக்கு மடக்குன்னு குடிப்பாக.

"அண்ணாச்சி, ஒங்களுக்கும் சக்கரைதான?"

"என் சக்கரை வேற சக்கரைலே. வாயப் பொத்து."

ஒரு நா ஊசி போட்டுட்டு, கூட்டத்துல சாப்புட மறந்துட்டேன். கல்லுல ஒரு பரோட்டா போட்டா ரெண்டு தெரியுது. ஆகா, லாபமா இருக்கேன்னு நெனச்சேன். வேர்வை ஊத்துது, கையி நடுங்குது. மொதலாளியப் பாத்து, "ஒனக்கு எத்தனை பரோட்டாலே?"ன்னு கேட்டிருக்கேன். சத்தம் கேட்டு அண்ணாச்சி ஓடியாந்து, ஒரு கலர ஒடச்சு என் வாயில ஊத்துனாக. "சக்கரை எறங்கிப் போச்சு, குடிலே, குடிலே"ங்கிறாக. பாதிக் கலரு என் சட்டையிலதான் போச்சு. தெளிஞ்ச பெறகு கேட்டேன்:

"இன்னொண்ணு கெடைக்குமா அண்ணாச்சி?"

முதுகுலயே ஒண்ணு குடுத்தாக.

பள்ளிக்கூடத்துல சக்கரை முகாம் போட்டாக. அப்பல்லாம் ஒண்ணுக்க ஒரு நீல மருந்துல விட்டுக் கொதிக்க வச்சுப் பாப்பாக. நீலமாவே நின்னா சக்கரை இல்ல. பச்சை, மஞ்சன்னு போயி செங்கல் கலரு வந்தா ரொம்ப மோசம். எங்க செட்டுல டெய்லருக்குப் பச்சை, பாயிக்கு மஞ்ச. எனக்குப் பச்சையில லேசா மஞ்சத் தட்டுச்சு. தீவாளிதான். அண்ணாச்சி, "எனக்கு எதுக்கு"ன்னு நழுவப் பாத்தாக. நாந்தான் தள்ளிவிட்டேன்.

கொதிக்குது, கொதிக்குது. நீலம். மறுபடியும் கொதிக்க வச்சாக. நீலம்.

"ஒங்களுக்குச் சக்கரையே இல்லையேய்யா"ன்னாரு டாக்டரு. தெனமும் அவுக குத்திக்கிட்டது மருந்தில்லாத வெறும் ஊசி.

நான் விடுவனா? "எங்கள ஏமாத்திட்டீகளே அண்ணாச்சி!"ன்னு குதிச்சேன். அண்ணாச்சி கடைக்கு வந்து பிரிட்ஜுல சாஞ்சுக்கிட்டுத்தான் பேசுனாக.

"எங்க வீட்டுக்காரிக்குச் சக்கரை. இந்தப் பிரிட்ஜே அவளுக்காக வாங்குனதுதான். தெனம் அருப்புக்கோட்டையில இருந்து பஸ்ஸுல கம்பவுண்டரு வந்து போட்டுட்டுப் போவாரு. ஒரு வருசம் பேய்மழை. குண்டாத்துல வெள்ளம் வந்து மூணு நாளா பஸ்ஸு இல்ல. மருந்து உள்ளதான் இருந்துச்சு. ஊசி இருந்துச்சு. எனக்கு ரெண்டு கையும் இருந்துச்சு. ஊசியப் பாத்தாலே எனக்கு ஒதறும்லே. அவளுக்கும் போட்டுக்கத் தெரியல. மூணாம் நாளு போயிட்டா."

பிரிட்ஜு கதவத் தெறந்து எங்க டப்பாவெல்லாம் வரிசையாத் தள்ளி வச்சாக.

"நான் குத்தலைன்னா நீ குத்தியிருப்பியா?"

நான் போயி ஊசியெல்லாம் எடுத்து வெந்நியில போட்டேன்.

மறுநா சாயங்காலம், பழக்கத்துல சட்டையத் தூக்குனாக. கையப் புடிச்சுக்கிட்டேன். "எனக்குக் கை பழகிருச்சு அண்ணாச்சி. ஒங்க வயித்த விட்டுருங்க."

"நெசமாவா?"

"பன்னெண்டு கோடு அண்ணாச்சி."

"ம், போடுலே."

அண்ணாச்சி போயி ரொம்ப வருசமாச்சு. கடையக் காலி பண்ணுன அன்னைக்கு முட்டை மாதிரி பரோட்டாப் படம் போட்ட என் டப்பாவ நான் வாங்கிட்டு வந்துட்டேன். கட்டவெரலு அதே எடத்துல இருக்கு, நானும் இன்னும் கல்லு முன்னாடிதான் நிக்கிறேன். இப்ப எங்க வீட்டுலயே பிரிட்ஜு இருக்கு. அதுல பேரப்புள்ளைகளுக்கு வாங்கி வச்ச கலர் பாட்டிலும் இருக்கு. அதத் தொடாதன்னு வெரட்டத்தான் ஆளில்ல. அதனாலயோ என்னமோ, தொட மனசும் வர்றதில்ல.

காலையில ஊசிய எடுத்ததும் சத்தமாச் சொல்லுவேன்: "பதினாலு கோடு அண்ணாச்சி."

அடுப்படியில இருந்து எம் பொண்டாட்டி, "ஆருகிட்டய்யா பேசுற? போட்டுட்டுச் சாப்புட வா"ம்பா.

வாரேன்னு சொல்லிட்டு, ஊசியப் புடிச்சுக்கிட்டே செத்த நிப்பேன். போடுன்னு சொல்லணும்ல.