மூன்றாம் மாடிச் சிங்கம்

நாய் வளர்ப்பவர்களில் பல ரகம் உண்டு. மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர், வாசலில் கட்டிப்போட்டுவிட்டு மறந்துபோகிறவர், பிள்ளை அழுததென்று வாங்கிவந்து கடைசியில் தானே கழிவை அள்ளுகிறவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவர்களெல்லாம் பாவம், நம்மைப் போன்ற மனிதர்கள். இங்கே நீங்கள் பார்க்கப்போவது வேறு பிறவி. எழுபது கிலோ நாயை, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இரண்டே அறை உள்ள வீட்டில் வைத்துக்கொண்டு, "இவன் இடமே அடைக்கமாட்டாங்க" என்று சொல்கிறவர். பெருநாய்க்காரர்.

இவரை அடையாளம் காண நாய் தேவையில்லை. கறுப்புச் சட்டை போடமாட்டார். போட்டால் முடி ஒட்டிப் பழுப்புச் சட்டையாகிவிடும். தோளில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். அது அவர் முகத்துக்கு அல்ல, நாயின் வாய்க்கு. கோட்டுப் பையில் கைவிட்டால் சாவி வராது, காய்ந்த மாட்டுக்குடல் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரிடம் மூன்று வாக்கியங்கள் உண்டு. நாய் உங்களை நோக்கி ஓடிவரும்போது ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்து, "பயப்படாதீங்க, அவன் ஒண்ணும் செய்யமாட்டான்!" உங்கள் தோளில் இரண்டு கால்களையும் வைத்து நிற்கும்போது, "சும்மா விளையாடுறான்." நீங்கள் சேற்றில் மல்லாந்த பிறகு, "அட, இதுக்கு முன்னாடி இப்படிச் செஞ்சதே இல்லையே!" இந்த வரிசை ஒருநாளும் மாறாது.

ஜெர்மனியில் லியோன்பெர்க் ஊரின் ஹெர் எபர்லே, அதாவது திரு எபர்லே, இந்த ரகத்தின் கலப்படமில்லாத சரக்கு. வயது எழுபத்தொன்று, நில அளவை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். ஊரையெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்த மனிதர், தன் வீட்டுக் கூடத்தை மட்டும் அளக்க மறந்துவிட்டார். அவர் வளர்த்தது ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட லியோன்பெர்கர் நாய். பிடரி முடியும் கறுத்த முகமும் முறம் போன்ற பாதமுமாக, நின்றால் அவர் இடுப்புக்குமேல் வரும். "நம்ம ஊர்ச் சின்னத்துல ஒரு சிங்கம் இருக்கு பாருங்க. அப்புறம் இவனைப் பாருங்க" என்பார். அந்தச் சிங்கத்துக்கு அவர் வைத்த பெயர் மொய்ஸ்லே. குட்டி எலி என்று அர்த்தம்.

குட்டி எலி வந்த பிறகு வீட்டில் என்னென்ன மாறின? சோபா அதற்குப் போயிற்று. கார் போய் வேன் வந்தது. தேநீர் மேசை போயிற்று, ஏனென்றால் வாலின் உயரமும் மேசையின் உயரமும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் காப்பி குடிக்க வரும் விருந்தினர்கள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, தட்டை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளம் கேக் சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள். அது ஒருமுறை தலையை உதறினால் எச்சில் போய் விளக்கில் தொங்கும். எபர்லே பேச்சை நிறுத்தாமலே துண்டை எடுத்துத் துடைப்பார். அவர் மனைவி ரோஸ்வித்தா எட்டு வருடமாகக் கட்டிலின் விளிம்பில் நாலு விரல்கடை அகலத்தில் தூங்கினார். நாயை உலவ அழைத்துப்போவது எபர்லேயின் வேலை, அதாவது பூங்காவில் நின்று பாராட்டு வாங்குவது. மற்றதெல்லாம் ரோஸ்வித்தாவின் வேலை.

இதுவரை வீட்டுக்குள் நடந்த கதை. வெளியே படிக்கட்டு இருக்கிறது. அங்கேதான் வந்தது வினை.

அந்த ஊரில் கடவுளை நம்பாதவர்கள் உண்டு, பெருக்கும் வாரத்தை நம்பாதவர்கள் கிடையாது. கட்டடத்தில் ஒரு சின்ன மரப்பலகை இருக்கும். அது யார் வீட்டுக் கதவுப்பிடியில் தொங்குகிறதோ, அந்த வாரம் அவர்கள்தான் பொதுப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கவேண்டும். சனிக்கிழமை துடைத்து முடித்துப் பலகையை அடுத்த வீட்டில் மாட்டவேண்டும். முதல் மாடி ஃப்ராவ் பிட்ஸர், அதாவது திருமதி பிட்ஸர், நாற்பது வருடம் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தியவர். தன் வாரத்தில் கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தைக்கூடத் துடைப்பார். ஈரம் காய்வதற்குள், மிகச் சரியாக அந்த நேரம் பார்த்து, எபர்லே மொய்ஸ்லேயை இறக்குவார். அது நடுப்படியில் நின்று உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும்.

"ஹெர் எபர்லே, இப்பத்தான் துடைச்சேன்."

"கால் சுத்தமாத்தான் இருக்கு, ஃப்ராவ் பிட்ஸர்."

"முடி?"

"அது இந்த மாசம்தான் கொட்டும்."

எல்லா மாதமும் இந்த மாதமாகவே இருந்தது. ஃப்ராவ் பிட்ஸர் சண்டை போடவில்லை. பெருக்கிய முடியைக் காலி ஜாம் பாட்டிலில் அடைத்து, மூடியில் தேதி எழுதி, அலமாரியின் மேல்தட்டில் அடுக்கினார். எட்டு வருடத்தில் முப்பத்தொரு பாட்டில் சேர்ந்தது. அவை ஒருநாள் சாட்சியாகத் தேவைப்படும் என்று அவருக்குத் தெரியும். எபர்லேக்கும் தெரியும்.

ஒன்பதாம் வருடம் பிப்ரவரியில் மொய்ஸ்லேயின் பின்னங்கால்கள் மடங்கிக்கொண்டன. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்றார் வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவர். "படி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. தினம் நாலு வேளை தூக்கிட்டுப் போக ஆள் இருந்தா, மாத்திரை குடுத்து வலியில்லாம சில மாசம் ஓட்டலாம். இல்லாட்டி ஒரேயடியாத் தூங்கவைக்கற ஊசிதான், ஹெர் எபர்லே. யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

எபர்லே யோசிக்கவில்லை. மருத்துவர் போனதும், அதன் வயிற்றுக்கடியில் குளியல் துண்டைக் கொடுத்துத் தூக்கினார். அன்று சனிக்கிழமை. இரண்டு மாடி இறங்குவதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. முதல் மாடியில், துடைத்த ஈரம் காயாத தரையில், நாய் படுத்துவிட்டது. ஒன்பது வருடமாக அவர் சொல்லிவந்தபடி, இப்போது உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. பிறகு மெல்ல ஒரு குட்டை அதன் அடியிலிருந்து பரவிப் படியில் இறங்கியது.

கதவு திறந்தது. ஃப்ராவ் பிட்ஸர் வாளியோடு நின்றார்.

"இதுக்கு முன்னாடி இப்படிச் செஞ்சதே இல்ல, ஃப்ராவ் பிட்ஸர்."

"ஒன்பது வருஷமா இதையே கேக்கறேன்."

எபர்லே ஈரப்படியில் உட்கார்ந்தார். "என்னால இவனைத் தூக்க முடியல" என்றார். அவருடைய மூன்று வாக்கியங்களில் இது இல்லை. அதில் நடிப்பு இல்லை.

ஃப்ராவ் பிட்ஸர் நாயைச் சுற்றித் துடைத்தார். "வாலை எடுங்க" என்றார், எடுத்ததும் வாலிருந்த இடத்தையும் துடைத்தார். அந்த நேரம் இரண்டாம் மாடி அய்தின், பேருந்து ஓட்டிவிட்டு வீடு திரும்பினார். அந்த ஊரிலேயே பிறந்து, ஊர்க்காரர்களைவிடச் சுத்தமாக ஊர்ப் பேச்சுப் பேசுகிற துருக்கியர், ஆறடி ஆள். ஒன்பது வருடமாக மொய்ஸ்லேயைப் பார்த்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். இப்போது நாயைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார்.

"பல் இருக்கற பக்கம் நான் வரமாட்டேன். பின்பக்கம் பிடிக்கறேன்."

மார்ச் மாதம், கட்டடத்தில் குடியிருப்பவர்களின் வருடாந்திரக் கூட்டம், கீழே துணி துவைக்கும் அறையில். சலவை இயந்திரத்தின்மேல் முப்பத்தொரு பாட்டிலும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. நாயை வெளியேற்றவேண்டும் என்று ஃப்ராவ் பிட்ஸர் சொன்னால் மறுக்க ஆளில்லை என்பதால், எபர்லே நாலு பக்கத்துக்குப் பேச்சு எழுதி வந்திருந்தார்.

"முப்பத்தொண்ணு" என்றார் ஃப்ராவ் பிட்ஸர். "இது யாரோட முடின்னு சொல்லவேண்டியதில்ல. இப்ப இவன் படியில ஒண்ணுக்கும் போறான். இன்னிக்கு என் வாரத்துல, நாளைக்கு அய்தின் வாரத்துல. என் படிக்கட்டுல இது நடக்க விடமாட்டேன். அதனால..."

எபர்லே கண்ணை மூடிக்கொண்டார்.

ஃப்ராவ் பிட்ஸர் பையிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்தார். வர்ணம் பூசி, எழுத்தும் எழுதி, கயிறும் கட்டியிருந்தது. 'நாய் வாரம்.' பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள் நாலு வேளையும் பின்பக்கம் பிடிக்கவேண்டும்; தலைப்பக்கம் எப்போதும் எபர்லே. சனிக்கிழமை கைமாறும். "எதிர்ப்பு யாருக்காவது இருக்கா?"

ஒரே ஒரு கை உயர்ந்தது. எபர்லேயின் கை.

"எனக்கு முதுகு ஒத்துழைக்காது. நான் வேணும்னா மேற்பார்வை பாத்துக்கறேன்."



"தலைப்பக்கம் நான் பிடிக்கறேன்" என்றார் ரோஸ்வித்தா. "அவர் கதவைத் திறந்து விடட்டும்."

அப்படியே நடந்தது. தினம் நாலு வேளை பல்லக்கு இறங்கியது. முன்னால் எபர்லே கதவைத் திறந்துகொண்டு, "இடது பக்கம், இடது பக்கம், வலப்பக்கம் சாய்ச்சா அவனுக்குப் பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டு போவார். மூன்றாவது வாரம் அய்தின் பல் இருக்கிற பக்கத்துக்கே மாறிக்கொண்டார். ஃப்ராவ் பிட்ஸரின் மேலங்கிப் பையில் கல்லீரல் சாசேஜ் வாடை வர ஆரம்பித்தது. கேட்டால் சலவைச் சோப்பு என்றார். எபர்லே பூங்காவில் எல்லோரிடமும் சொன்னார்: "எங்க கட்டடத்துல எல்லாருக்கும் அவன்னா உசிரு. எல்லாம் நான் பழக்கினதுதான்."

ஜூன் மாதம் மாத்திரை கேட்காமல் போயிற்று. கடைசியாக, ஊசி போட, நால்வரும் சேர்ந்தே இறக்கினார்கள். அன்று எபர்லேயும் தலைப்பக்கம் பிடித்தார், இடது வலது எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம், தினம் நாலு வேளை, கையில் வெறும் வாரோடு படியிறங்கிப் போய்வந்தார். அதைப் பார்க்க யாருக்கும் மனம் தாங்கவில்லை. ஃப்ராவ் பிட்ஸர் சனிக்கிழமை படியைப் பெருக்கிவிட்டு முறத்தைப் பார்த்தார். "ஒரு முடிகூட இல்ல" என்று அய்தினிடம் சொன்னார், குறை சொல்லும் குரலில்.

செப்டம்பரில் எபர்லே ஒரு கூடையோடு முதல் மாடியில் நின்றார். கூடைக்குள் பழுப்பாக ஒரு உருண்டை. அதன் பாதங்கள் மட்டும் கூடைக்கு வெளியே இருந்தன.

"இவனோட அம்மா கொஞ்சம் குள்ளமாம், ஃப்ராவ் பிட்ஸர். பெருசா வளரமாட்டான்னு சொன்னாங்க. இடமே அடைக்கமாட்டான்."

"ஒண்ணும் செய்யமாட்டானோ?"

"ஒண்ணுமே செய்யமாட்டான்."

உருண்டை ஃப்ராவ் பிட்ஸரின் கால்மிதியில் இறங்கி அதை நனைத்தது. ஃப்ராவ் பிட்ஸர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே போய், அடியில் இரண்டு கரண்டி செர்ரி ஜாம் மிச்சமிருந்த பாட்டிலை எடுத்து, பசியில்லாமலே ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, பாட்டிலைக் கழுவி, துடைத்து, மூடியில் அன்றைய தேதியை எழுதினார்.

சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நாயே கிடையாது என்கிறீர்கள். ரொம்பச் சரி. விருந்தினர் வந்தால் உங்கள் பிள்ளை முக்கால் மணி நேரம் கீபோர்டு வாசிப்பதுண்டா? உங்கள் புதுக் காரின் பின்பாதி அடுத்த வீட்டு வாசலில் நிற்பதுண்டா? நீங்கள் ஆசைப்பட்டு வாங்கியதை வேறு யாரோ தூக்கிக்கொண்டு படியிறங்க, நீங்கள் முன்னால் நின்று "இடது பக்கம்" என்று சொல்வதுண்டா? எதற்கும் ஒருமுறை, சர்க்கரை கடன் வாங்குகிற சாக்கில் பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். மூடியில் தேதி எழுதிய பாட்டில்கள் இருந்தால், அது ஊறுகாய் இல்லை.