துண்டுக்குள் இறங்கிய சி.ஆர்.பி.

ரத்தப் பரிசோதனை முடிவுக்குப் பேரம் பேசிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். பாலவனத்தம் பக்கத்து மாட்டுத் தரகர். பெயர் தெரியாது. கொரோனா வார்டில் எல்லாரும் துண்டுக்காரர் என்றார்கள். நான் அடுத்த கட்டில்.

எங்கள் சந்தைகளில் மாட்டின் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துத்தான் பேச்சு. வெளியே சொன்னால் கண் பட்டுவிடும். துண்டுக்குள் பொய் சொன்ன தரகரை அப்புறம் எவரும் கூப்பிட மாட்டார்கள். அந்தச் சட்டத்தை அவர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்துவிட்டார்.

கவச உடையில் வந்த டாக்டர், “பெரியவரே, ஒங்க சி.ஆர்.பி. தொண்ணூறு” என்று சத்தமாகச் சொன்னார்.

துண்டுக்காரர் பதறிப்போனார். “ஊருக்கே கேக்குற மாதிரியாய்யா சொல்வீக? கைய உள்ள விடுங்க!” கையுறையோடு டாக்டரின் விரல்களைப் பிடித்தார். “தொண்ணூறு கட்டாது. நாப்பதுக்கு முடிங்க.”

“அது வெலை இல்லைங்க. ஒடம்புக்குள்ள அழற்சி எவ்வளவுன்னு காட்டுறது. மருந்து குடுத்திருக்கோம், எறங்கும்.”

“பேசாம எந்த வெலைய்யா எறங்கியிருக்கு?”

லிம்போசைட் என்னும் ரத்த வெள்ளையணு குறைந்திருக்கிறது, அது கூட வேண்டும் என்றார் டாக்டர். துண்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “கேட்டீகளா தம்பி? அது கொறையணுமாம், இது கூடணுமாம். ஒரே மாட்ட வாங்கவும் சொல்றாக, விக்கவும் சொல்றாக!”

ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் டி-டைமர் சோதனைக்கு நர்சம்மா ஊசியோடு வந்தார். “எங்க வீட்டுல பாலே ஒழுங்கா ஒறையாது தாயி, ரத்தமா ஒறையப்போகுது?” என்றார் துண்டுக்காரர். நர்சம்மா சிரித்ததில் முகக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சி.ஆர்.பி. ஏறிக்கொண்டே போனது. இனியும் ஏறினால், மூச்சு மிஷின் இருக்கும் பெரிய வார்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கதவுக்குள் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் என் முடிவு வந்தபோது போர்வையால் முகத்தை மூடிக்கொண்டேன். “பெரியவர்கிட்டயே சொல்லுங்கம்மா” என்றேன்.

துண்டுக்குள் நர்சம்மா சொன்னார். துண்டுக்காரர் டாக்டரிடம் போய் ஏதோ முணுமுணுத்தார். பிறகு என் கையைத் துண்டுக்குள் இழுத்து விரல்களை அழுத்தினார். “எறங்கிருச்சு தம்பி. பாதிக்குப் பாதி!”

பல நாள் கழித்து அன்றுதான் தூங்கினேன். அடுத்த சோதனையில் நிஜமாகவே இறங்கியது.

வீட்டுக்குக் கிளம்பும்போது நர்சம்மா சொன்னார்: “அன்னைக்கு ஒங்களுக்குக் கூடித்தாண்ணே இருந்துச்சு. மூச்சளவு நல்லா இருந்ததால ஒரு நாள் பொறுப்போம்னாரு டாக்டரு. ‘பையன் பயந்தே செத்துருவான், அவன்ட்ட மட்டும் சொல்லாதீக’ன்னு பெரியவருதான் கெஞ்சுனாரு.”

எனக்கு மாடு வாங்கும் யோசனை எதுவும் இல்லை. ஆனாலும் சந்தைக்குப் போனால், அவர் துண்டுக்குள் கையை விட்டுச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.