மூன்று மணிக்குள் மறைய வேண்டிய மைதானம்

"எந்தப் பசை போட்டீங்க மேஸ்திரி?"

கேட்ட நூலகரின் குரல் நடுங்கியது. மேஸ்திரிக்கு அது பாராட்டாகப் பட்டது.

"ஒரிஜினல் சார். மூணு ரோல் புல்லும் இப்ப ஒண்ணாயிடுச்சு. இனிமே நாலு ஆள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது."

நூலகர் சமையலறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் ஹவுஸ் ஓனர் ஃபோன் செய்திருந்தார். "மூணு மணிக்கு வர்றேன். கொல்லைப்பக்கம் பாக்கணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டார். வார்த்தைகளைக்கூட வாடகைக்கு விடுகிறவர் மாதிரிதான் எப்போதும் பேசுவார்.

அந்த வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இரண்டு வருடமாகக் கடிகாரம் ஃப்ரிட்ஜின் மேல் உட்கார்ந்துதான் மணி காட்டிக்கொண்டிருக்கிறது. அப்பேர்ப்பட்ட மனிதரின் கொல்லையில், அவரை ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு அங்குலம் மண்ணைத் தோண்டி, ஜல்லித்தூள் பரப்பி, செயற்கைப் புல் விரித்து, வெள்ளைக் கோடு போட்டுப் பாதி அளவில் ஒரு பாட்மிண்டன் கோர்ட் எழும்பியிருந்தது. ஓனர் வெளியூரில் இருக்கிறார், வருடத்துக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்ப்பார் என்ற தைரியம். தெருவில் விளையாடிய மகளைப் போன மாதம் ஒரு லாரி உரசிக்கொண்டு போயிருந்தது. அந்தப் பயத்தில் பிறந்த தைரியம் அது.

"அவருக்கு யாரு போட்டுக் குடுத்தாங்க?" என்றாள் மனைவி. "என்னங்க, இந்த வீட்டை விட்டா நாம எங்க போறது? எட்டு மாசம் அலைஞ்சு கெடச்ச வீடு. பாப்பா ஸ்கூலுக்கு நடந்தே போயிடறா."

"மறைச்சிடலாம்" என்றார் நூலகர். "இப்ப மணி ஒண்ணுதானே."

முதலில் துணிகளைக் கொண்டு மறைத்தார்கள். வீட்டில் இருந்த போர்வை, வேட்டி, புடவை எல்லாவற்றையும் நனைத்து, குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் தொங்கவிட்டாள் மனைவி. பத்தே நிமிடம். காற்று ஒரு வீசு வீசியதில் எல்லாம் ஒன்றாகத் தூக்கிக்கொண்டன. அடியில் கோர்ட், வெள்ளைக் கோட்டோடு பளிச்சென்று தெரிந்தது.

"மண்ணைத் திருப்பிக் கொட்டிடுவோம்" என்றார் நூலகர். தோண்டிய மண் சுவரோரம் குவிந்து கிடந்தது.

மேஸ்திரி பதறினார். "புல்லு மேல மண்ணா? சார், இது என் கையால செஞ்ச வேலை!"

"மேஸ்திரி, எனக்கு வீடு போகுது."

மூவரும் வாரி வாரிக் கொட்டினார்கள். மண் உலர்ந்து பொலபொலவென்று கிடந்ததால், நடுநடுவே புல் தலையை நீட்டியது. மண் படிய வேண்டுமே என்று நூலகர் குழாயைத் திருப்பிவிட்டார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு.

"அடியில பூரா ஓட்டை வச்ச புல்லு சார்" என்றார் மேஸ்திரி, அந்த நிலையிலும் பெருமை குறையாமல். "எவ்வளவு தண்ணி விட்டாலும் நிக்காது."

நிற்கவில்லை. மண்ணைக் கரைத்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வடிந்து போனது. காலையில் இருந்ததைவிட இப்போது இன்னும் பச்சையாக இருந்தது கோர்ட்.

மணி இரண்டு ஐந்து.

நூலகர் மேஸ்திரியின் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தார். மேஸ்திரி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்தால் அரை நாள் சாப்பிடாதவர் நூலகர். அவர்தான் முட்டி போட்டு, பட்டை பட்டையாக அறுத்துக்கொண்டே போனார். நடுக்கோட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அந்தக் கோட்டில் வெறுங்காலை வைத்து, "அப்பா, இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் மகள். நாலு மணிக்கு வந்து நிற்பாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? அழுகை வந்தது. அழுதுகொண்டே அறுத்தார்.

"சீக்கிரம்ங்க, மணி ரெண்டரை" என்றாள் மனைவி.

அறுத்த பட்டைகள் குளியலறைக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் போயின. மீதி மண்ணை ஜல்லித்தூளின் மேல் கொட்டி, மிதித்து, துடைப்பத்தால் இழுத்துவிட்டார்கள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கொல்லை பழைய கொல்லையாகவே ஆகிவிட்டது. நூலகர் வாழ்க்கையில் இத்தனை கச்சிதமாக ஒரு வேலையை முடித்ததில்லை.

வாசலில் கார் நின்றது.

ஹவுஸ் ஓனர் வணக்கம்கூடச் சொல்லாமல், நேராகக் கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கொல்லைக்குப் போனார். மண்ணைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் மண்ணைப் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் பண்ணலையா?"

"சத்தியமா இல்லைங்க ஐயா. உங்களைக் கேக்காம ஒரு புல்லுகூட வைக்கலை."

ஓனரின் முகம் விழுந்துவிட்டது. ஏமாந்துபோன பிள்ளை மாதிரி படியில் உட்கார்ந்தார். எதற்கு என்று நூலகருக்கு விளங்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் விளங்கவில்லை.

அப்போது பக்கவாட்டுச் சந்து வழியாக ஓனரின் டிரைவர், தோளில் இரண்டு கம்பங்களும் கையில் ஒரு சுருளுமாக மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஐயா, போன வாரம் இந்த வீட்டுப் பாப்பா ஃபோன் போட்டு கோர்ட்டுக்குப் பர்மிஷன் கேட்டப்ப, 'அப்பாகிட்ட சொல்லாதே, வலை நானே கொண்டாந்து கட்டறேன்'னீங்களே... எந்தப் பக்கம் கட்டணும்?"