சிக்ஸ்டனின் அங்குல மரை

ஸ்வீடனே நடுக்கோடைத் திருநாளுக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தது. சிக்ஸ்டன் மட்டும் கொட்டகையில் குந்தி, தன் பழைய வால்வோவின் சக்கர போல்ட்டில் நட்டைக் கோணலாக ஏற்றி, அதன் திருகு மரையைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்கிறீர்களா? எல்லாம் சகலையால்தான்! திருநாள் என்றால் மனைவி குன்வோரின் அக்கா வீடு. அங்கே சகலை இங்வே, திருநாளுக்கு நட்ட பூக்கம்பத்தைச் சுற்றி, தவளைப் பாட்டுக்கு இவரைத் தவளை மாதிரி குதிக்க வைப்பார். போன வருஷம் பச்சைத் தொப்பி வேறு மாட்டிவிட்டார். அறுபத்து நாலு வயசு முழங்கால், பாவம், எத்தனை வருஷம்தான் தவளையாக இருக்கும்?

கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார்.

"குன்வோர், வண்டி நகராதும்மா. ரெண்டு போல்ட்டுல மரை போச்சு."

"மரை வெட்டற டேப்-டை செட் ஒண்ணு வாங்கிடுங்களேன்."

"எதை வாங்கறது? அதானே கேள்வி! கடையில இருக்கறதெல்லாம் மில்லிமீட்டர். நம்ம வண்டி அங்குல மரை. மலிவா வாங்கினா ரெண்டாவது போல்ட்டுலயே பல்லு கொட்டிடும். நல்ல எஃகா, நாலு பேரை விசாரிச்சு, நிதானமா..."

"எப்ப வரும்?"

"திருநாள் முடிஞ்ச மறுநாள்."

அடேயப்பா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்! அருமையான அங்குல செட் ஒன்று ஆறு வருஷமாக அவரிடம் இருக்கிறது. கொட்டகைப் பரணில், பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால். பெற்ற பிள்ளைக்கும் இரவல் தரமாட்டார்.

குன்வோர் முகம் வாடவில்லை. உருளைக்கிழங்கை அலம்பியபடியே சொன்னாள்.

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு அக்காவுக்கு அப்பவே போன் பண்ணிட்டேன். அவங்களே இங்க வர்றாங்களாம்."

"இங்கயா? எத்தனை பேரு?"

"பதினோரு பேரு. நாலு நாள்."

"நாலு நாளா!"

"அத்தான் கம்பத்தை வேன் மேல கட்டி எடுத்துட்டு வர்றாரு. அவர்கிட்டயும் அங்குல செட் இருக்காம். மரை எப்படி வெட்டறதுன்னு உங்களுக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றாராம்."

தவளையாகக்கூட இருந்துவிடலாம். இங்வேயிடம் மரை வெட்டப் படிப்பதா? சிக்ஸ்டன் கொட்டகைக்கு ஓடினார். பரண், டப்பா, செட். எண்ணெய் விட்டு, டையைப் பொருத்தி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இருபதே நிமிஷம். மரை புதுசாக மின்னியது.

"குன்வோர்! வண்டி ரெடி! நாமளே போயிடலாம். அவங்களை வரவேண்டாம்னு சொல்லு, சீக்கிரம் போன் பண்ணு!"

"யாருக்கு?"

"உங்கக்காவுக்குத்தான்!"

"நான் போனே பண்ணலியே." குன்வோர் அவர் மூக்கிலிருந்த எண்ணெயைக் கைத்துண்டால் ஆசையாகத் துடைத்துவிட்டாள். "அந்த பெயின்ட் டப்பாவை ஆறு வருஷமா தூசி தட்டறது யாருன்னு நினைச்சீங்க? ஏறுங்க. பெட்டியெல்லாம் காலையிலேயே ஏத்தியாச்சு. பச்சைத் தொப்பி எல்லாத்துக்கும் மேல இருக்கு."