நூத்திப் பதினஞ்சு ஓம்

கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் உள்ளே நுழைந்ததும் "பிளக் பாயின்ட் எங்க இருக்குது?" என்று கேட்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எனக்குத் தாய்மாமனாக வாய்த்தார்.

சோரியாங்குப்பத்தில் அவருக்குக் கரும்பும் நெல்லும் உண்டு. ஒரு கோடையில் வோல்டேஜ் இறங்கி, போர்வெல் மோட்டாரின் கம்பிச்சுருள் புகைந்துபோனது. அன்றைக்கு ஒரு மீட்டர் வாங்கினார். பிறகு அதைப் பிரிந்ததே இல்லை. கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வரும். அதன் ஒயரில் ஒரு கம்பியை மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருப்பார். மீட்டர் அதைக் கவ்விப் பிடித்தால் எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்று காட்டும். போன வீட்டில் ஒரு சாமானையாவது அதில் சொருகிப் பார்க்காமல் அவருக்குக் காபி இறங்காது.

"வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா ஓம், பெருக்குனா வாட். இது தெரியாம இன்னாத்துக்கு பி.காம் படிச்ச?" என்பார் என்னிடம். எங்கள் அயன் பாக்ஸைச் சோதித்துவிட்டு, "இருநூத்தி இருவது, நாலு. அம்பத்தஞ்சு ஓம், எண்ணூத்தி எம்பது வாட். அட்டையில ஆயிரம்னு போட்டிருக்கான் பாரு" என்று அம்மாவிடம் துக்கம் விசாரிப்பதுபோல் சொன்னார்.

இப்படி ஓம் போட்டுப் போட்டே அவர் ஊருக்கு ஓம் மாமா ஆனார். தெரியாதவர்கள் பெரிய பக்திமான் என்று நினைத்தார்கள். பாகூர் பஸ்ஸில் ஒரு அம்மாள் அவரைக் கும்பிட்டு எழுந்து இடம் கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவர் யாரோ என்பதுபோல் கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு வில்லியனூர் பக்கம் நிச்சயமான கையோடு மாப்பிள்ளையின் தாத்தா இறந்துபோனார். தொண்ணூறைத் தாண்டியவர்தான். ஆனாலும் "பொண்ணோட ராசி" என்று அங்கே பேச்சு கிளம்பியது எங்கள் காதுக்கு வந்தது. எனக்கு அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. நிச்சயமான பெண் சாவுக்குப் போகிற வழக்கமில்லை. போகாவிட்டால் அதற்கும் பேசுவார்கள் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மாமாவும் வந்தார்.

"மீட்டர் பைய வண்டியிலயே வெச்சிடுங்க மாமா" என்று கெஞ்சினேன்.

"சரி பாப்பா" என்றார். பையை வண்டியில் வைத்தார். மீட்டரையும் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டார்.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் தாத்தா படுத்திருந்தார். சுற்றிலும் ஒப்பாரி. திடீரென்று பெட்டியின் லைட் அணைந்தது, இரைச்சல் நின்றது, ஒப்பாரியும் நின்றது. பார்த்தால் மாமா மூலையில் குந்திக்கொண்டு, பிடுங்கிய பிளக்கைத் தன் பெட்டியில் சொருகிக்கொண்டிருக்கிறார். தாத்தாவைக் கொஞ்சம் நகரச் சொல்லி, உள்ளே போய்ப் படுத்துவிடலாமா என்று எனக்கு இருந்தது.

லைட் வந்தது. பெட்டி மறுபடி உறுமியது. கணக்குப் போடும்போது மாமாவுக்குக் கண்ணை மூடும் பழக்கம். மூடினார். ஒப்பாரி நின்றிருந்த கூடத்தில் அவர் குரல் மட்டும் கேட்டது.

"இருநூத்தி முப்பது... ரெண்டு... நூத்திப் பதினஞ்சு ஓம்."

தலைமாட்டில் இருந்த கிழவி ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டு, "ஓம்" என்றாள். பக்கத்திலிருந்தவள் "ஓம்" என்றாள். கொஞ்ச நேரத்தில் வீடே ஓம் சொன்னது. ஒருவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "நானூத்தி அறுவது வாட்" என்று மாமா முடித்தது யார் காதிலும் விழவில்லை.

நூற்றுப் பதினைந்தும் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கண்ணீரோடு வந்தார். "எங்க மாமனார இவ்ளோ நல்லா யாருண்ணே வழியனுப்புவாங்க? புண்ணியவான் வூட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வாய்ச்சிருக்குது."

ராசிப் பேச்சு அதோடு செத்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமா முகம் மட்டும் விழுந்து கிடந்தது.

"அது சாமி ஓம் இல்ல பாப்பா" என்றார் வண்டியில். "அத்தோட கணக்கே தப்பு. பல்பு, அயன் பாக்ஸுன்னா நேரா வகுத்துடலாம். உள்ள மோட்டாரு ஓடுற சாமானுக்கு அப்படி வகுக்கக் கூடாது. பதட்டத்துல வகுத்துட்டேன். போயி சொல்லிட்டு வந்துடறேன்."

இறங்கப் போனவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சொன்னீங்கன்னா எனக்குக் கல்யாணம் நடக்காது மாமா."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஊர் வரும்வரை மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கல்யாணம் நடந்தது. இப்போதும் தாத்தா திதி வந்தால் மாமியார் முதலில் அழைப்பது ஓம் மாமாவைத்தான். படத்துக்கு முன்னால் மணை போட்டு உட்கார வைத்து, "நீங்களே ஆரம்பிங்கண்ணே" என்பார். அன்றைக்கு மட்டும் மாமா மீட்டர் கொண்டுவருவதில்லை. முன்பெல்லாம் அவரால் எனக்கு வெட்கம். இப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கம்.

ஒரு பல்புக்கு வாட் தப்பாகச் சொல்லிவிட்டால்கூட திரும்பிப் போய்த் திருத்திவிட்டு வருகிற மனிதர், என்னை ஒரு தடவை பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எனக்காக, அந்தத் தப்புக் கணக்கைச் சொல்வார்.