கோல்டிங் வீதியில் ஒரு மைல்கட்டைப் பிள்ளையார்

டென்மார்க்கின் பெருந்தெருக்களில் மைல்கல் நட்ட பழைய ராசாவுக்குப் பிறகு அந்தக் கல்லுகளுக்கு மரியாதை கொடுத்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மைல்கட்டை அண்ணை. ராசாகூட நட்டதோடு விட்டுவிட்டார். அண்ணை விடவில்லை.

ஊரில் அவர் கண்டி றோட்டில் பஸ் ஓட்டியவர். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் அந்த றோட்டில் எந்த வாகனமும் தாண்டாது. டென்மார்க்கில் கோல்டிங் நகரத்துக்கு வந்த பிறகு அவரும் நானும் மன்னார் அந்தோனியும் ஒரே கதிரைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். கார் என்னுடையது. முதல் நாள் வேலைக்குப் போகும்போதே பழைய பெருந்தெருவோரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் தெரிந்தது. மேலே ராசாவின் கிரீடம், கீழே கோல்டிங் ஒரு மைல் என்று டெனிஷில் வெட்டியிருந்தது.

"தம்பி, நிப்பாட்டும்!"

மான் ஏதும் குறுக்கே வந்துவிட்டதோ என்று பிறேக்கை அமத்தினேன். "என்னண்ணை?"

"பிள்ளையாரடியில நிக்காமப் போறீர்?"

"அண்ணை, அது மைல்கட்டை."

"ஓம், மைல்கட்டைதான். வாறவன் போறவனுக்கு வழித்துணை நிக்கிற கல்லு. பிள்ளையாற்ற வேலையும் அதுதானே?"

சாமிக்குப் பயந்தவனிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? இறங்கிக் கும்பிட்டேன். அந்தோனியும், "எதுக்கும் கிடக்கட்டும்" என்று சிலுவை போட்டான்.

அண்ணையின் மனைவி கமலாவும் இரண்டு மகள்மாரும் அப்போது கொழும்பில் ஓர் அறைக்குள் இருந்தார்கள். 'தமிழர் வழக்கு' என்று பின்னாளில் டெனிஷ் பேப்பர்கள் எழுதித் தள்ளிய காலம் அது. குடும்பத்தைக் கூப்பிட மனுப்போட்ட எங்கள் ஆட்களுக்குப் பதிலே வராது. அவர்கள் வந்து சேருமட்டும் அந்தக் கல்லடியில் நிற்காமல் போவதில்லை என்று அண்ணை நேர்ந்துவிட்டார். நேர்ந்தது அவர். பிந்தியது நாங்கள் மூன்று பேரும்.

"ஏன் ஒவ்வொரு நாளும் பிந்துறீங்கள்?" என்று எங்களை வேலை வாங்குகிற மேஸ்டர் கேட்டார். அண்ணை தன்னிடமிருந்த டெனிஷ் முழுவதையும் ஒரேயடியாக இறக்கினார்: "கடவுள். கல்லு. அஞ்சு நிமிசம்." மேஸ்டர் தலையைச் சொறிந்தபடி போய்விட்டார்.

தேங்காய்க்குத்தான் பெரும்பாடு. கோல்டிங் கடைகளில் எப்போதாவதுதான் வரும். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணை ஒரு கோவாவோடு, அதுதான் முட்டைக்கோசோடு, காரில் ஏறினார்.

"உருண்டையா இருக்குத்தானே. பிள்ளையார் குறை பிடியார்."

ஓங்கி அடித்தார். கோவா உடையவில்லை. துள்ளி வீதியைக் கடந்து, வேலிக்குக் கீழால் உருண்டு, ஒரு மாட்டின் முன்னால் போய் நின்றது. மாடு ஆறுதலாகத் தின்னத் தொடங்கியது.

"பாத்தீரோ, ஏற்றுக்கொண்டிட்டார்!"

"அண்ணை, அது மாடு."

"அது நந்தி. மகனுக்குக் குடுத்தது தகப்பன் வீட்டை போயிருக்கு. குடும்பத்துக்கு வெளியாலயே போச்சு?"

கமலா மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கொழும்பிலிருந்து என் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பா. அதைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான். அப்படியொரு சனிக்கிழமை ஓவர்டைம் முடித்து வரும்போது கல்லடியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறினால், கார் ஸ்ராட் வரவில்லை.

"அந்தரப்படாதையும். ஒரு கட்டைதானே, நடந்தே போயிடலாம்" என்றார் அண்ணை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு மைல் என்றால் ஒரு கட்டை. அது ஒரு நடையா? காரில் பறக்கிற தூரத்தை ஆர் அளந்து பார்த்தது?

நடந்தோம். எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. அந்தோனி செபமாலையைச் சொல்லி முடித்து இரண்டாம்தரம் தொடங்கினான். கோல்டிங் வரவேயில்லை. எதிரே நாயோடு ஒரு டெனிஷ் அம்மா வந்தா. எங்கள் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தா. "அது பழைய டெனிஷ் மைல். ஏழரைக் கிலோமீற்றர்."

அண்ணை அப்படியே நின்றுவிட்டார்.

"ஏழரையோ? தம்பி, மோசம் போனம்! இவ்வளவு காலமும் ஆள்மாறிக் கும்பிட்டிருக்கிறன். அது பிள்ளையார் இல்லை, சனீஸ்வரன்!"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அண்ணை ஓடத் தொடங்கிவிட்டார். தொழிற்சாலைச் சப்பாத்தோடு, அந்தக் காற்றில், பஸ்ஸை விட்டுவிட்டுத் துரத்துகிற ஆள் மாதிரி ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

என் மனைவி வாசலில் நின்றா. "கமலாக்கா இப்பத்தான் ரெலிபோனை வச்சவ, அண்ணை. சின்னவளுக்கு முன்பல்லு விழுந்திட்டுதாம். அது திரும்ப முளைக்க முதல் அப்பாட்டைப் போகவேணுமெண்டு ஒரே அழுகையாம்."

அண்ணை படியில் இருந்துவிட்டார். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி சொன்னார்: "ஏழரைச் சனி எண்டாலும் ஒரு நாளைக்கு முடியத்தானே வேணும், தங்கச்சி."

அடுத்த சனிக்கிழமை கல்லடியில் எள்ளெண்ணெய் விளக்கு. காற்று விடுமா? நான் குடை பிடித்தேன், அந்தோனி தன் ஜக்கெற்றை விரித்துப் பிடித்தான்.

"அண்ணை, சனீஸ்வரனுக்குச் சிலுவை போடலாமோ?"

"போடும், போடும். அவர் ஆளைப் பாத்துப் பிடிக்கிறவரில்லை."

சின்னவளுக்குப் பல் முளைத்தது. அவர்கள் வரவில்லை. அண்ணை விளக்கை விடவில்லை. பிறகு, எங்கள் ஆட்களின் மனுக்களை மந்திரியே வேண்டுமென்று முடக்கி வைத்திருந்த சங்கதி வெளியில் வந்து, நாடே அதைக் கதைத்து, அடைத்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு நாள் மத்தியானம் கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் கமலாவும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். சின்னவள் தாயின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஆரம்மா இந்த மாமா?" என்று கேட்டாள். அண்ணை அவர்களுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி முன்னால் நடந்தார்.

கப்பலில் கடல் தாண்டி, பழைய பெருந்தெருவால் கோல்டிங்கை நோக்கி நான் ஓட்டி வந்தேன். கமலா, மெலிந்துபோனீங்கள் என்று அண்ணையைப் பேசிக்கொண்டே வந்தா. சின்னவள் கடைசியில் அவருடைய மடியிலேயே நித்திரையாகிவிட்டாள். அவர் அசையாமல் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் வந்தது. வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணை நிமிரவில்லை. பிறேக் போட்டால் பிள்ளை எழும்பிவிடும். ஒரு கையை நெஞ்சில் வைத்து, பிள்ளையாரோ சனீஸ்வரனோ, பொறுத்துக்கொள் அப்பனே என்று சொல்லி மெல்லத் தாண்டினேன்.

நிற்காமல் வந்த அந்தச் சங்கதியை இன்றுவரைக்கும் நான் அவருக்குச் சொல்லவில்லை.